முப்பத்தொன்றாம் எண்

சிலோயேத் தீவில் ஜூன் மாத மழைக்கு ஞாயிறு கிடையாது.
பனிப்பெட்டியை மடியில் வைத்துப் படகில் போகிறேன்.
உள்ளே மூக்கில் பீய்ச்சும் குப்பிகள், நாற்பது பேருக்கு.
பாதியில் கடற்பாசிச் சாறு,
பாதியில் வெறும் உப்புத்தண்ணீர்.
எது எதுவென்று எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கடல் உள்வாங்கியிருந்தது.
இடுப்பளவு நீரில் ஒதிலியா நாகெல்கீன்
லூகா பறித்துக்கொண்டிருந்தாள்.
ஈரத்தில் மாட்டு நாக்கு,
காய்ந்தால் பழைய செருப்பு,
அந்தச் சிவப்புப் பாசிக்கு வேறு வர்ணனை வேண்டாம்.
"கை ஈரம், காகிதம் நனையும். நீயே வாசி" என்றாள்.

வாசித்தேன்:
இந்தப் பாசியின் சர்க்கரை நீளமானது,
ஓரமெங்கும் கந்தக முட்கள்.
காய்ச்சல் கிருமி மூக்கின் உள்தோலில்
கால் ஊன்ற இடம் தேடி வரும்போது
இது முந்திக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்ளும்.
பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம்.

"கிலோ என்ன விலைக்கு நினைக்கிறீர்கள்?"

பதில் படிவத்தில் இல்லை.
அவளுக்கு முப்பத்தொன்றாம் எண் கொடுத்தேன்.

வால்டிவியா ஆய்வகத்தில் ஒருமுறை அந்தத் தட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.
என்றோ செத்துப்போன ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து
இன்றும் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள்.
ஊதாச் சாயம் ஊற்றினால்
கிருமி தின்ற இடமெல்லாம் வெள்ளை ஓட்டை,
பூச்சி அரித்த கம்பளி.
பாசி கலந்த தட்டு மட்டும்
ஏறக்குறைய முழு ஊதா.
நான் கைதட்டப் போனேன்.
"தட்டுக்கு மூக்கு கிடையாது" என்றான் எஃப்ராயின்,
எண்ணுவதை நிறுத்தாமல்.
"தட்டு யாரையும் முத்தமிடுவதில்லை.
நெரிசலில் பேருந்து ஏறுவதில்லை.
நூற்றுப்பத்து, நூற்றுப்பதினொன்று."

ஜூலையில் காய்ச்சல் வந்தது, பள்ளிக்கூடம் வழியாக.
ஒதிலியாவின் இரண்டு பிள்ளைகளும் விழுந்தார்கள்.
முக்குளிக்கும் ரோசமேல், அவள் கணவன்,
கடலடியில் நடுங்காதவன்
அடுப்பருகே பல் அடித்துக்கொண்டு கிடந்தான்.
அவள் அதே கட்டிலில் படுத்தாள், அதே கோப்பையில் குடித்தாள்,
நாளுக்கு மூன்று வேளை பீய்ச்சிக்கொண்டாள்.
ஒரு தும்மல்கூட இல்லை.

கரை முழுக்கச் செய்தி.
எண் கிடைக்காத பெண்கள்
லூகாவை வேகவைத்து, தலையில் துண்டு போர்த்தி
ஆவி பிடித்தார்கள்.
வீடெல்லாம் படகுத்துறை வாசனை.
எண் பெற்றவர்களிலும் நான்கு பேர் பிடித்தார்கள்.
"நெறிமுறை மீறல்" என்று எழுதிவிட்டு
அவர்கள் தந்த உருளைக்கிழங்கு ரொட்டியைத் தின்றேன்.

பன்னிரண்டாம் எண் செலிந்தா.
ஒரு வேளை தவறாதவள்,
நேரத்தை நாட்காட்டியில் கோடு போட்டு வைத்தவள்.
அவளைத்தான் ஆகஸ்டில் காஸ்த்ரோ மருத்துவமனைக்குப்
படகில் கிடத்திக் கொண்டுபோனோம்.
நெஞ்சில் விசில் சத்தம். பதினோரு நாள்.

அக்டோபரில் உறையைப் பிரித்தார்கள்.
பன்னிரண்டு: பாசி.
முப்பத்தொன்று: உப்புத்தண்ணீர்.
மொத்தக் கணக்கில், பாசி பக்கம் நோய் சற்றுக் குறைவு.
தற்செயலாகவும் இருக்கலாம்.
இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.
இதையே மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

சொல்லப் போனேன். ஒதிலியா சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
நெடுநேரம் சிரித்தாள்.
"ஆக எனக்குக் கடலைக் கொடுத்தீர்கள்.
பாசியை எடுத்துக்கொண்டு."
பிறகு சிரிப்பை விட்டு,
"செலிந்தாவிடம் சொன்னாயா?"

இல்லை.
செலிந்தா தூரத்தில் இடுப்பளவு நீரில் நின்றாள்,
மெலிந்து, இரண்டு கைப்பிடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கி.
என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.
குப்பி இல்லாமலிருந்தால் பிழைத்திருக்கவே மாட்டேன் என்று
எல்லோரிடமும் சொல்லி வருகிறாளாம்.
அது பொய்யென்று எந்த உறையிலும் இல்லை.
மெய்யென்றும் இல்லை.

லாரி வந்தது.
வியாபாரி ஒதிலியாவின் சாக்கைத் தராசில் தூக்கி
இரண்டு முறை உதறினான், மூன்றாம் முறையும்.
அடியிலிருந்து ஒழுகியதைப் பார்த்து
நான்கு கிலோ கழித்தான்.

"தண்ணீருக்குக் காசு கிடையாது."

ஒதிலியா என் பக்கம் திரும்பினாள்.